சாவியைத் திருப்பியதும் என்ன சத்தம்?

போனில் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் வாயாலேயே சத்தம் போட்டுக் காட்டுவார்கள். "அண்ணா, சாவி போட்டா டகடகடகன்னு அடிக்குதுங்க." "கர்ருன்னு பல்லு நறநறங்குதுங்க." "ஒண்ணுமே இல்லீங்க, ஒரே ஒரு டொக்கு. அவ்வளவுதான்." சிலர் வெட்கப்பட்டுக்கொண்டு, "ஏதோ ஒரு மாதிரி சவுண்டு வருதுங்க" என்று நிறுத்திக்கொள்வார்கள். விடமாட்டேன். கத்திக் காட்டச் சொல்வேன்.

கோவை திருச்சி ரோட்டில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். செல்ஃப், டைனமோ, ஒயரிங் மூன்றும்தான் என் தொழில். இன்ஜினைப் பிரிக்கிற வேலை பக்கத்துப் பட்டறைக்காரருடையது. வண்டி ஸ்டார்ட் ஆகும்போது கேட்கிற சத்தத்தை வைத்துத்தான் அது என்னிடம் நிற்க வேண்டிய வண்டியா, அவரிடம் போக வேண்டிய வண்டியா என்று பிரிப்போம். "செல்ஃப் போயிருச்சு, புதுசு போட்டுக் குடுங்க" என்று முடிவோடு வருகிறவர்கள் நிறையப் பேர். கழற்றிப் பார்த்தால் செல்ஃப் நன்றாக இருக்கும். கரண்ட் அங்கே வந்து சேர்ந்திருக்காது. வழியில் எங்கோ தடைபட்டிருக்கும்.

சாவி திருப்பிய ஒரு நொடிக்குள் என்னென்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதில் பாதி விளங்கிவிடும். சாவியிலிருந்து ஒரு மெல்லிய ஒயர், செல்ஃப் மோட்டாரின் முதுகில் உட்கார்ந்திருக்கும் சொலினாய்டுக்குப் போகிறது. உள்ளே இருக்கும் காயில் காந்தமாகி ஓர் இரும்புத் தண்டை இழுக்கிறது. அந்தத் தண்டு இரண்டு வேலை பார்க்கும். ஒரு பக்கம், சின்னப் பல்சக்கரத்தை முன்னால் தள்ளி, ஃப்ளைவீலைச் சுற்றியிருக்கும் ரிங் கியரில் மாட்டிவிடும். மறுபக்கம், இரண்டு தடித்த செம்பு முனைகளை ஒன்றுசேர்க்கும். முனைகள் சேர்ந்த பிறகுதான் பேட்டரியின் கரண்ட் முழுசாக மோட்டாருக்குள் இறங்கும். சின்னச் சக்கரத்தில் 9, 10 பல்தான். ரிங் கியரில் 100க்கு மேல். அதனால்தான் கையில் அடங்குகிற மோட்டார் அவ்வளவு பெரிய இன்ஜினைச் சுற்றிவிடுகிறது.

இந்த ஏற்பாடு வருவதற்கு முன்னால் முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டியிருந்தது. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்சார செல்ஃப் 1912 மாடல் காடிலாக் கார்களில்தான் முதலில் வழக்கத்துக்கு வந்தது. நம் ஊரில் அம்பாசடருக்கு வெகுகாலம் செல்ஃபும் இருந்தது, டிக்கியில் ஹேண்டிலும் கிடந்தது. பழைய டிரைவர்கள் ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை வளைத்துப் பிடிக்கமாட்டார்கள். மற்ற விரல்களோடு சேர்த்தே வைத்திருப்பார்கள். இன்ஜின் பின்னோக்கி உதைத்தால் கட்டைவிரல் போய்விடும்.

முதலில் டகடக. ஸ்டார்ட் ஆகாத வண்டிகளில் நான் அதிகம் கேட்பது இந்தச் சத்தம்தான். தண்டு இழுபடுகிறது, செம்பு முனைகள் சேர்கின்றன. சேர்ந்த அந்தக் கணமே மோட்டார் பெரிய அளவில் கரண்ட் கேட்கிறது. ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து இழுப்பது 9 ஆம்பியர் போல. செல்ஃபோ சின்ன பெட்ரோல் காரிலேயே 100 ஆம்பியரைத் தாண்டும், டீசலுக்கு அதைவிட நிறைய. பேட்டரியில் அவ்வளவு தெம்பு இல்லாததால் வோல்ட் சரேலென்று இறங்குகிறது. தண்டைப் பிடித்து வைக்கக்கூட காந்தத்துக்குச் சக்தி போதாமல் அது பின்னால் போகிறது. முனைகள் விலகியதும் சுமை போய்விடுவதால் வோல்ட் மறுபடி ஏறுகிறது, தண்டை மறுபடி இழுக்கிறது. நொடிக்குப் பல தடவை இதே கதை. அதுதான் அந்த டகடக. இதைக் கேட்டுவிட்டு யாராவது செல்ஃப் மாற்றச் சொன்னால், தயவுசெய்து சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். சொலினாய்டு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

இங்கே மீட்டர் பேசும். வண்டி ராத்திரி முழுக்க நின்றிருந்தால், நல்ல பேட்டரி காலையில் 12.6 வோல்ட் காட்டும். 12.4 என்றால் முக்கால்வாசி சார்ஜ், 12க்கு வந்துவிட்டால் கிட்டத்தட்ட அடிமட்டம். அதைவிட முக்கியம், செல்ஃப் சுற்றிக்கொண்டிருக்கும்போது எவ்வளவு காட்டுகிறது என்பது. 9.6க்குக் கீழே போகக்கூடாது. நிற்கும்போது 12.6 காட்டிவிட்டு, சாவி திருப்பியதும் 7க்கு விழுகிற பேட்டரிகள் உண்டு. அவற்றுக்கு எத்தனை முறை சார்ஜ் போட்டாலும் பிரயோஜனமில்லை. ஸ்டார்ட் ஆன பிறகு 13.8லிருந்து 14.5க்குள் இருந்தால் டைனமோ நன்றாகச் சார்ஜ் செய்கிறது என்று அர்த்தம். புத்தகத்தில் ஆல்டர்னேட்டர் என்று இருக்கும். பட்டறையில் எங்களுக்கு அது இன்னும் டைனமோதான்.

ஊட்டிக்குப் போய் ராத்திரி தங்குகிறவர்களின் போன் காலை ஆறரைக்கு வரும். டிசம்பர், ஜனவரியில் அங்கே விடியற்காலைக் குளிர் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும். குளிரில் பேட்டரியின் தெம்பு குறையும், ஆயில் கெட்டியாகி இன்ஜினும் சுற்ற முரண்டு பிடிக்கும். கோவை வெயிலில் எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்த நாலு வருடப் பேட்டரி மேலே போனதும் கையை விரித்துவிடும். வேறொரு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுக்கும்போது சிவப்பை பிளஸ்ஸில் மாட்டுங்கள். நல்ல பேட்டரியின் மைனஸில் ஒரு கறுப்பு முனை. மற்ற கறுப்பு முனையைச் செத்த பேட்டரியில் மாட்டாமல், பேட்டரியிலிருந்து தள்ளி, பெயின்ட் இல்லாத இன்ஜின் இரும்பில் மாட்டுங்கள். கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து கிளம்பும் வாயு தீப்பிடிக்கக்கூடியது.

ஆனால் பேட்டரி வாங்க ஓடுவதற்கு முன்னால் டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருக்கிறதா? கையால் ஆட்டினால் அசைகிறதா? ஸ்டார்ட் செய்ய முயன்ற உடனே தொட்டால் சுடுகிறதா? சுட்டால், கரண்ட் அங்கே தடைபட்டுச் சூடாக மாறிக்கொண்டிருக்கிறது. மைனஸை முதலில் கழற்றி, வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து ஊற்றிக் கழுவி, பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் போதும். வீட்டிலேயே செய்கிற வேலை. இதற்கு நான் காசு வாங்குவதும் இல்லை.

போன வருடம் ஒருவர் வந்தார். மில்லில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வேறொரு இடத்தில் பேட்டரி மாற்றியிருந்தார்கள், அப்புறம் செல்ஃபும் மாற்றியிருந்தார்கள். அப்படியும் காலையில் செல்ஃப் "ஊஊம்... ஊஊம்..." என்று இழுத்து இழுத்துச் சுற்றியது. பேட்டரியில் குறையில்லை. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னேன். அங்கே பூஜ்ஜியத்தை ஒட்டி, அதிகம் போனால் 0.2 வோல்ட் காட்ட வேண்டும். 1.8 காட்டியது. எர்த் ஒயர் போய் மாட்டுகிற இடத்தைக் கழற்றினேன். டிங்கரிங் செய்தபோது அந்த இடத்திலும் சேர்த்து பெயின்ட் அடித்து, பெயின்ட்டுக்கு மேலேயே போல்ட்டை முறுக்கியிருந்தார்கள். உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியத் தேய்த்து மாட்டியதும் வண்டி சாவியைத் தொட்டவுடன் எடுத்தது.

"ஏப்பா, இதுக்கா புது செல்ஃப் போட்டாங்க?" என்றார்.

"பழைய செல்ஃப் வீட்ல இருக்குங்களா, சார்?"

"அதை அங்கயே விட்டுட்டு வந்துட்டனே!"

எந்தப் பட்டறையில் எதை மாற்றினாலும் பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல செல்ஃபுக்கு எப்போதும் மார்க்கெட் உண்டு.

ஒரே ஒரு டொக் கேட்டு நின்றுவிட்டால் விஷயம் வேறு. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். விளக்கு மங்காமல் அப்படியே எரிந்தால் மோட்டாருக்குக் கரண்ட் போகவே இல்லை. சொலினாய்டின் செம்பு முனைகள் தீய்ந்து கறுத்திருக்கும், அல்லது மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்து ஆர்மேச்சரைத் தொடாமல் நிற்கும். இது நிஜமாகவே செல்ஃப் கோளாறு. பிரஷ் தேய்ந்ததென்றால் திடீரென்று ஒரு நாளில் வராது. பத்துத் தடவையில் ஒரு தடவை எடுக்காது, அப்புறம் ஐந்தில் ஒன்று. ஸ்பேனரால் தட்டினால் எடுக்கும் என்பது எல்லா டிரைவருக்கும் தெரிந்த வைத்தியம். தட்டுகிற அதிர்வில் பிரஷ் கொஞ்சம் நகர்ந்து ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். பழைய ஃபீல்டு காயில் மோட்டார்கள் அந்த அடியைத் தாங்கின. இப்போது வருகிற பல செல்ஃப்களில் காயிலுக்குப் பதிலாக நிரந்தரக் காந்தம் ஒட்டியிருக்கிறது. சுத்தியலால் போட்டால் காந்தம் உடைந்து ஆர்மேச்சருக்குள் சிக்கிக்கொள்ளும். நூறு ரூபாய் பிரஷ்ஷோடு போக வேண்டியது முழு மோட்டாராகிவிடும்.

பிரஷ், புஷ் மாற்றி, கம்யூட்டேட்டரை லேத்தில் லேசாகக் கடைந்து கொடுத்தால் பழைய மோட்டார் இன்னும் பல வருடம் ஓடும். சென்னை பாடியில் 1960களிலிருந்து செல்ஃப் மோட்டார் செய்துவருகிற லூகாஸ் டிவிஎஸ் இருப்பதால் நம் பக்கம் உதிரிபாகத்துக்கும் பஞ்சமில்லை. புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால், எதனால் என்று கேளுங்கள். ஆர்மேச்சர் எரிந்திருந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளலாம்.

அதே டொக் சத்தம், ஆனால் விளக்கு செத்துப்போகிற அளவுக்கு மங்குகிறது, பேட்டரியும் நல்ல பேட்டரி. அப்படியானால் மோட்டார் சுற்றப் பார்க்கிறது, இன்ஜின் விடமாட்டேன் என்கிறது. மழைக்காலத்தில் இந்தச் சத்தத்துக்கு நான் பயப்படுவேன். எங்கள் கோவையில் லங்கா கார்னர் பாலத்துக்கு அடியில் தண்ணீர் நிற்கும்போது துணிந்து இறக்கி, நடுவில் நின்றுபோன வண்டிகள் ஒவ்வொரு மழைக்கும் உண்டு. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டி நிற்கிறது. மறுபடி மறுபடி சாவியைத் திருப்பினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வண்டியைத் தள்ளிக் கரையேற்றி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டுச் சுற்றினால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். இதை மெக்கானிக் செய்யட்டும். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ய முயன்றதால் இன்ஜின் கெட்டால், தனியாக இன்ஜின் பாதுகாப்பு சேர்த்து எடுத்திருந்தாலொழிய, சாதாரண இன்சூரன்ஸில் பணம் வருவது கஷ்டம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னைக்காரர்கள் பலர் இதைப் பணம் கொடுத்துக் கற்றார்கள்.

விர்ர்ர் என்று மோட்டார் மட்டும் தனியாகச் சுற்றுகிறது, இன்ஜின் அசையவில்லையா? மோட்டார் தண்டிலிருக்கும் பெண்டிக்ஸ் போய்விட்டது. சின்னப் பல்சக்கரம் ஒரு பக்கம் மட்டும் பிடித்து மறுபக்கம் வழுக்க வேண்டும். தேய்ந்ததும் இரண்டு பக்கமும் வழுக்கும். பெண்டிக்ஸை மட்டும் மாற்றினால் சரியாகிவிடும்.

கர்ர்ர் என்று பல் நறநறப்பது கொஞ்சம் சுவாரஸ்யமான கேஸ். இது எப்போதும் வராது, எப்போதாவது வரும். "சார், உங்ககிட்ட வந்தா மட்டும் வரமாட்டேங்குது" என்பார்கள். காரணம் இருக்கிறது. நாலு சிலிண்டர் இன்ஜினை ஆஃப் செய்யும்போது அது கண்ட இடத்தில் நிற்காது. ஏதோ ஒரு பிஸ்டன் காற்றை அமுக்கப் போய் முடியாமல் உருண்டு, பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களில் ஒன்றில்தான் நிற்கும். அதனால் செல்ஃப் வந்து மோதுவதும் ரிங் கியரின் அதே இரண்டு இடங்களில். வருடக்கணக்கில் அங்கே மட்டும் பல் மழுங்கிப்போகும், மற்ற இடமெல்லாம் புதுசு மாதிரி இருக்கும். நறநறத்து எடுக்காமல் போனால், இக்னிஷனை ஆஃப் செய்து, நாலாவது கியரில் போட்டு வண்டியை அரை அடி முன்னே தள்ளுங்கள். ஃப்ளைவீல் கொஞ்சம் திரும்பியிருக்கும். நியூட்ரலுக்கு வந்து சாவி போட்டால் சத்தமில்லாமல் எடுத்தால், ரிங் கியர்தான் என்று முடிவு செய்யலாம். இதற்கு கியர்பாக்ஸை இறக்க வேண்டும், பழைய வளையத்தைக் கழற்றிப் புதியதைச் சூடாக்கி விரியவைத்து ஏற்ற வேண்டும். செலவுதான். எப்படியும் கிளச் பிளேட் மாற்றுகிற காலம் நெருங்கிவிட்டதென்றால் இரண்டையும் ஒரே இறக்கலில் முடித்துவிடச் சொல்வேன்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் இப்படித் தள்ளிப் பார்க்க முடியாது. இன்ஜின் ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல் மறுபடி சாவியைத் திருப்பினால் வருகிற கர்ர்ரும் இதே பல்தான். ஏசியும் பாட்டும் போட்டுக்கொண்டு சிக்னலில் நிற்பவர்கள் தினமும் செய்கிற காரியம்.

இப்போது செல்ஃப் சுற்றுகிற சத்தத்தையே கவனியுங்கள். நல்ல இன்ஜினில் அது ஒரே சீராக வராது. ஏறி இறங்கி, தாளத்தோடு வரும். ஒவ்வொரு பிஸ்டனும் காற்றை அமுக்கும்போது மோட்டார் கொஞ்சம் திணறுகிறது, தாண்டியதும் லேசாகிறது. நாலு துடிப்பும் ஒரே பலத்தில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தாவினால் அந்த சிலிண்டரில் அமுக்கம் குறைந்திருக்கிறது: வால்வோ, கேஸ்கெட்டோ. மூன்று சிலிண்டர் கார்களில் தாளமே வேறு மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். திணறலே இல்லாமல் மிக்ஸி மாதிரி வழவழவென்று வேகமாகச் சுற்றினால் சாவியை உடனே விட்டுவிடுங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். பழைய மாருதி 800, சான்ட்ரோ போன்ற பெல்ட் வண்டிகளில் குறிப்பிட்ட கிலோமீட்டருக்குள் பெல்ட்டை மாற்றிவிட வேண்டும். பெட்ரோல் வரவில்லையோ என்று நினைத்துச் சுற்றிக்கொண்டே இருப்பவர்கள்தான் அதிகம்.

ஸ்டார்ட் ஆன பிறகு வருகிற சத்தங்களில் முதலாவது கீச்ச்ச். ஒரு நிமிடத்தில் தானாக அடங்கிவிடும் என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. செல்ஃப் குடித்த கரண்ட்டை பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்க டைனமோ ஆரம்பத்தில் கடுமையாக உழைக்கிறது. அப்போது பெல்ட் வழுக்குகிறது. ஓடும் பெல்ட்டின் பள்ளப் பக்கம் ஸ்பிரே பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் அடித்துப் பார்க்கலாம். சேலை முந்தானை, துப்பட்டா, கை எல்லாம் எட்ட இருக்கட்டும். சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது டென்சனர் பலம் இழந்திருக்கிறது. சத்தம் நின்று, காய்ந்ததும் திரும்ப வந்தால் ஏதோ ஒரு புல்லி கோட்டை விட்டு விலகியிருக்கிறது. சோப்பு, பவுடர், கிரீஸ் என்று தடவுவது எதற்கும் உதவாது. இக்காலப் பெல்ட்கள் முன்போல வெடித்துக் காட்டாமல் உள்ளுக்குள்ளேயே தேயும், அதனால் பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்பதும் சாட்சி ஆகாது.

இரண்டாவது, காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் இரண்டு மூன்று நொடி சடசடவென்று சங்கிலி உதறுகிற சத்தம். சங்கிலியேதான். டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்சனர் ஆயில் பிரஷரில் வேலை செய்கிறது. ராத்திரியில் ஆயில் கீழே வடிந்துவிடுவதால், பிரஷர் ஏறும் வரை செயின் தொளதொளவென்று அடிக்கும். ஸ்விஃப்ட், விஸ்டா போன்ற வண்டிகளில் வந்த ஃபியட் 1.3 டீசல் இன்ஜினில் இதை நிறையக் கேட்டிருக்கிறேன். முதலில் ஆயில் அளவைப் பாருங்கள், கம்பெனி சொன்ன கிரேடுதானா என்று பாருங்கள். அப்புறம் ஃபில்டர். நல்ல ஆயில் ஃபில்டருக்குள் ஆயிலைத் திரும்ப வடியவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு ஒன்று இருக்கும். மலிவு டூப்ளிகேட்டில் அது பேருக்குத்தான் இருக்கும். ஃபில்டர் மாற்றியதோடு சத்தம் போய்விட்டால் நல்லது. சூடான பிறகும் தொடர்ந்தால் அது பக்கத்துப் பட்டறைக்காரரின் வண்டி, தள்ளிப்போடாதீர்கள்.

பயப்பட வேண்டாத சத்தங்களும் உண்டு. சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுக்கு அடியில் இரண்டு நொடி "ஙொய்" என்பது பெட்ரோல் பம்ப். அது கேட்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். பானெட்டுக்குள்ளிருந்து "மியாவ்" என்று கேட்டதாக ஒரு தங்கச்சி சொன்னார், பானெட்டைத் திறந்தால் பேட்டரி மேல் குட்டி. குளிர்காலத்தில் ஸ்டார்ட் செய்யும் முன் பானெட்டை இரண்டு தட்டு தட்டிவிடுவது நல்லது.

கடைசியாக ஒன்று. காலையில் முதல் ஸ்டார்ட்டில் வருகிற சத்தம், நீங்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு என்னிடம் வந்து சேரும்போது இருக்காது. இன்ஜின் சூடாகியிருக்கும், பேட்டரி சார்ஜ் ஏறியிருக்கும். போனில் ரெக்கார்டு செய்து கொண்டுவரலாம்: ஒன்று டிரைவர் சீட்டிலிருந்து, ஒன்று பானெட்டைத் திறந்துவைத்து, சாவி திருப்புவதற்கு முன்பே ஆரம்பித்து. அதைவிட நல்லது, சாயங்காலம் கொண்டுவந்து வண்டியைப் பட்டறையில் விட்டுச் சாவியைக் கொடுத்துவிடுங்கள். காலையில் பையன்கள் வருவதற்குள், ரோட்டில் பஸ் சத்தம் ஆரம்பிக்கும் முன், பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு முதல் ஸ்டார்ட்டை நானே போடுகிறேன்.